ஐஸ் வைப்பதும் ஐஸை உடைப்பதும்: ஆங்கில மரபுத்தொடர்களுக்கு ஓர் எளிய அறிமுகம்

மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12ஆம் தேதியிலேயே திறக்கப்படுகிறது என்ற செய்தி வந்தால், குறுவைக்கு நாற்றங்கால் விடக் காத்திருக்கும் தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்து விவசாயிகள் "வயிற்றில் பாலை வார்த்தார்கள்" என்பார்கள். அதைக் கேட்கும் எவரும் பால் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. வயிறு, பால், வார்த்தல் ஆகிய சொற்கள் தனித்தனியே தரும் பொருளைக் கடந்து, பெருங்கவலை நீங்கி நிம்மதி பிறந்தது என்ற ஒரே பொருளை நாம் நேராக எடுத்துக்கொள்கிறோம். இதே தொடரைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கி வெளிநாட்டவர் ஒருவரிடம் சொன்னால், யாருக்கோ வயிற்றுப்புண் என்று அவர் நினைத்துக்கொள்ளக்கூடும். ஆங்கிலத்தில் 'இடியம்' எனப்படும் தொடர்களைக் கேட்டு நம் மாணவர்கள் திகைத்து நிற்பதற்கும் காரணம் இதுவே.

இடியம் என்பதை நாம் மரபுத்தொடர் என்கிறோம். இந்தப் பெயரே அதன் இயல்பைச் சரியாகச் சொல்லிவிடுகிறது. "எப்பொருள் எச்சொலின் எவ்வாறு உயர்ந்தோர் செப்பினர் அப்படிச் செப்புதல் மரபே" என்பது நன்னூல் நூற்பா. எந்தப் பொருளை எந்தச் சொல்லால் எப்படி முன்னோர் சொல்லிவந்தார்களோ, அப்படியே நாமும் சொல்வதுதான் மரபு என்பது இதன் பொருள். இலக்கண விதியைக் கொண்டு புதிய வாக்கியங்களை ஆயிரக்கணக்கில் உண்டாக்கலாம். மரபை அப்படி உண்டாக்க முடியாது. அதைப் பெற்றுக்கொள்ளத்தான் முடியும். ஆங்கில மரபுத்தொடர்களைக் கற்கத் தொடங்குபவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இதுதான்: சொற்களின் பொருளைக் கூட்டிப் பார்த்து மரபுத்தொடரின் பொருளைக் கண்டுபிடிக்க முயலக் கூடாது.

மரபுத்தொடரையும் பழமொழியையும் ஒன்றாக எண்ணிக் குழம்புபவர்கள் பலர். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது பழமொழி. அது தன்னளவில் முழு வாக்கியமாக நின்று, சொல்ல வந்த அறிவுரையையும் சொல்லி முடித்துவிடுகிறது. "கரையேறுதல்" என்பது மரபுத்தொடர். யார் கரையேறினார், எதிலிருந்து ஏறினார், எப்போது ஏறினார் என்பவற்றை நாம்தான் தர வேண்டும். "இரண்டு போகமும் நன்றாக விளைந்ததால் கடனிலிருந்து கரையேறினார்" என்று அதை ஒரு வாக்கியத்துக்குள் பொருத்துகிறோம். ஆங்கில மரபுத்தொடரும் இவ்வாறே வாக்கியத்துக்குள் வந்து அமரும். அது வினையாக இருந்தால் காலத்துக்கு ஏற்ப மாறும். 'பிரேக் தி ஐஸ்' என்பது நேற்று நடந்ததைச் சொல்லும்போது 'ப்ரோக் தி ஐஸ்' ஆகிவிடும்.

காலம் மாறலாம் என்றால் வேறு எதுவும் மாறலாமா? பெரும்பாலும் மாறக் கூடாது. "கடன் வாங்கியவன் கம்பி நீட்டினான்" என்றால் அவன் நழுவி ஓடிவிட்டான் என்று பொருள். "இரும்பு நீட்டினான்" என்று யாரும் சொல்வதில்லை. இன்னும் நுட்பமாகப் பார்த்தால், 'ஐ' என்ற வேற்றுமை உருபைச் சேர்த்துக் "கம்பியை நீட்டினான்" என்று சொன்னாலே மரபு உடைந்து, கொல்லுப்பட்டறையில் ஒருவர் உண்மையாகவே கம்பியை நீட்டும் காட்சி வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இதற்குச் சரியான இணை, இறந்துபோவதைக் குறிக்கும் 'கிக் தி பக்கெட்' என்ற தொடர். அதில் உள்ள 'தி' என்ற சிறு சொல்லை 'எ' என்று மாற்றினால், வாளி ஒன்றைக் காலால் உதைத்தார் என்ற நேர்ப்பொருள் மட்டுமே மிஞ்சும். வாளியைக் குறிக்கும் 'பெய்ல்' என்ற வேறு சொல்லை அந்த இடத்தில் வைத்தாலும் அப்படித்தான். நமக்கு வேற்றுமை உருபு எவ்வளவு முக்கியமோ, அவர்களுக்கு அந்தச் சின்னஞ்சிறு முன்சொல்லும் அவ்வளவு முக்கியம். மரபுத்தொடரை எழுதி வைத்துக்கொள்ளும்போது 'எ', 'தி', பன்மை காட்டும் 'ஸ்' ஆகியவற்றை ஓர் எழுத்தும் விடாமல் எழுதச் சொல்வது இதனால்தான்.

அகராதியைப் புரட்டும் தொடக்கநிலை மாணவரை அலைக்கழிக்கும் இன்னொரு செய்தியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அகராதிகளில் 'பைட் ஒன்ஸ் டங்' என்றும் 'புல் சம்வன்ஸ் லெக்' என்றும் அச்சிட்டிருப்பார்கள். இந்த 'ஒன்ஸ்', 'சம்வன்ஸ்' என்பவை தொடரின் பகுதிகள் அல்ல. அவை நாம் நிரப்பிக்கொள்வதற்காக விடப்பட்ட இடங்கள். 'ஒன்ஸ்' என்று இருந்தால் செயலைச் செய்பவரின் உறுப்பையோ பொருளையோ குறிக்க வேண்டும். 'சம்வன்ஸ்' என்று இருந்தால் அது வேறொருவருடையது. ஆகவே 'ஐ பிட் மை டங்' என்றும், 'ஹி புல்ட் மை லெக்' என்றும் வரும். மாலை வேளைகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, 'ஐ பிட் ஒன்ஸ் டங்' என்று எழுதப்பட்ட விடைத்தாள் ஆண்டுதோறும் ஒன்றாவது கிடைக்கிறது. அது மாணவரின் பிழை என்பதைவிட, அகராதியைப் படிக்கக் கற்றுத் தராத எங்களைப் போன்ற ஆசிரியர்களின் பிழை என்றே சொல்ல வேண்டும்.

இனி இந்தத் தொடர்கள் ஏன் நமக்கு இவ்வளவு அந்நியமாக இருக்கின்றன என்ற கேள்விக்கு வருவோம். மரபுத்தொடர்கள் அவற்றைப் பேசியவர்களின் மண்ணிலும் வானிலையிலும் தொழிலிலும் முளைத்தவை. பிறந்த இடத்தின் காட்சி கண்ணுக்குத் தெரிந்தால் பொருள் தானாகவே விளங்கும். தெரியாவிட்டால் மனப்பாடம் செய்தாலும் ஒட்டாது. இதற்கு ஐஸைப் போன்ற நல்ல எடுத்துக்காட்டு வேறில்லை.

ஒருவர் இன்னொருவரை அளவுக்கு மீறிப் புகழ்ந்து தம் காரியத்தைச் சாதித்துக்கொள்ளப் பார்த்தால், "ஐஸ் வைக்கிறான்" என்கிறோம். சித்திரை வெயிலில் வெந்து கிடக்கும் ஊரில் தலையில் குளிர்ச்சி படுவது சுகம். எனவே முகத்துதிக்கு அது பொருத்தமான உவமை. நம் மொழியில் குளிர்ச்சி என்பது எப்போதும் இன்பத்தின் பக்கமே நிற்கிறது. உள்ளம் குளிர்கிறது, கண் குளிரக் காண்கிறோம், பசித்தவர்க்குச் சோறு போட்டவரை வயிறு குளிர வாழ்த்துகிறோம். வெப்பமோ துன்பத்தின் பக்கம் நிற்கிறது: வயிறு எரிகிறது, மனம் கொதிக்கிறது, ஒருவர் சூடாகப் பேசிவிடுகிறார்.

இங்கிலாந்தில் நிலைமை தலைகீழானது. ஆண்டில் பல மாதங்கள் குளிரில் நடுங்கும் அந்த நாட்டில் அடுப்பின் வெம்மைதான் சுகம், குளிர் பகை. முற்காலத்தில் லண்டனில் தேம்ஸ் ஆறு சில ஆண்டுகளில் உறைந்து கல்லாகிவிடும். அதன்மீது கடைகள் போட்டுத் திருவிழாக்களே நடத்தினார்கள். அத்தகைய கடைசித் திருவிழா நடந்தது 1814இல். காவிரியில் நீர் வராத கோடையில் மணலில் நடந்து அக்கரைக்குப் போவதை நாம் அறிவோம். உறைந்த நீரின்மேல் நடப்பதை நம்மால் நினைத்துப் பார்க்கத்தான் முடியும். இப்படி உறைந்த நீர்வழியில் படகு செல்ல வேண்டுமானால் முதலில் யாராவது பனிக்கட்டியை உடைத்து வழி உண்டாக்க வேண்டும். இந்தக் காட்சியிலிருந்து வந்ததுதான் 'பிரேக் தி ஐஸ்'. முன்பின் தெரியாதவர்கள் ஓரிடத்தில் கூடி, யார் முதலில் பேசுவது என்று தயங்கி இறுகிக் கிடக்கும்போது, ஒருவர் ஏதாவது பேசி அந்த இறுக்கத்தைத் தளர்த்துவதை அது குறிக்கிறது. வெங்காயத் தாமரை அடைத்துக்கொண்ட வாய்க்காலில் முதல் தண்ணீர் வருவதற்கு முன் இறங்கி அதை விலக்கிவிடுகிறோமே, அந்தக் காட்சியை நினைத்துக்கொண்டால் இத்தொடர் மறக்காது. "ஹி டோல்ட் எ ஸ்டோரி டு பிரேக் தி ஐஸ்" என்றால், புதியவர்களிடையே பேச்சைத் தொடங்கி வைப்பதற்காக அவர் ஒரு கதை சொன்னார் என்று பொருள். ஏற்கெனவே நெருங்கிப் பழகும் இருவருக்கிடையே இத்தொடரைப் பயன்படுத்துவதில்லை.

குளிர் பகை, வெம்மை நட்பு என்ற இந்த ஒரு திறவுகோலைக் கையில் வைத்துக்கொண்டால் பல கதவுகள் திறக்கும். 'வார்ம் வெல்கம்' என்பது அன்பான வரவேற்பு. 'கோல்ட் ஷோல்டர்' கொடுப்பது என்றால் முகம் கொடுத்துப் பேசாமல் ஒதுக்குவது. 'கோல்ட் ஃபீட்' வந்தது என்றால், ஒரு செயலுக்கு ஒப்புக்கொண்டவருக்குக் கடைசி நேரத்தில் தைரியம் போய்விட்டது என்று பொருள். 'ஆன் தின் ஐஸ்' என்பது மெல்லிய பனிப்படலத்தின்மேல் நடப்பதைப் போன்ற ஆபத்தான நிலை. 'டிப் ஆஃப் தி ஐஸ்பெர்க்' என்பதற்கு மட்டும் அறிவியல் விளக்கம் தேவை: கடல்நீரைவிடப் பனிக்கட்டியின் அடர்த்தி சற்றே குறைவு என்பதால், மிதக்கும் பனிமலையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நீருக்கடியில் மறைந்திருக்கும். ஆகவே வெளியே தெரிந்தது சிறிது, மறைந்திருக்கும் சிக்கல் பெரிது என்பதற்கு அது உவமையாயிற்று.

நம் 'ஐஸ் வைப்பதை' ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? அங்கே அதற்கு வெண்ணெய் வேண்டும். 'பட்டர் அப்' என்பதே தொடர். "ஹி இஸ் ட்ரையிங் டு பட்டர் அப் தி மேனேஜர்" என்று சொன்னால் எவருக்கும் விளங்கும். ஐஸையே வைத்துச் சொன்னால், மேலாளருக்கு எங்கோ அடிபட்டு வீங்கிவிட்டது போலும் என்று கேட்பவர் கவலைப்படுவார்.

வயலுக்கு வந்தால் இரு நாடுகளும் இன்னும் நெருங்கி வருகின்றன. "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்பதும், ஆங்கிலத்தில் உள்ள 'மேக் ஹே வைல் தி சன் ஷைன்ஸ்' என்பதும் ஒரே கருத்தைச் சொல்லும் பழமொழிகள். மரபுத்தொடர் அல்ல எனினும் இந்த இணையை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. தை, மாசியில் சம்பா அறுவடையாகிக் களத்தில் நெல்லும் பதரும் கலந்து கிடக்கும். காற்று வீசும்போது முறத்தில் அள்ளித் தூற்றினால்தான் பதர் பறந்து நெல் நேராக விழும். காற்று நின்றுவிட்டால் வேலையும் நின்றுவிடும். அறுவடை இயந்திரம் வந்தபின் தூற்றும் வேலை பெரும்பாலும் மறைந்துவிட்டாலும், சொல் அப்படியே இருக்கிறது. இங்கிலாந்து உழவருக்குக் குளிர்காலத்தில் மாடுகளுக்குப் போட உலர்ந்த புல் வேண்டும். அறுத்த புல் சில நாள் மழைபடாமல் வெயிலில் காய வேண்டும். அடிக்கடி மழை தூறும் நாட்டில் வெயில் கிடைக்கும் நாளைத் தவறவிடக் கூடாது. நமக்குக் காற்று, அவர்களுக்கு வெயில். வெயிலுக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லாததால், "வெயில் அடிக்கும்போதே புல்லைக் காயவை" என்ற பழமொழி இங்கே பிறந்திருக்கவே முடியாது.

வயலைவிடக் கடல்தான் ஆங்கில மரபுத்தொடர்களுக்குப் பெரிய தாய்வீடு. 1658இல் டச்சுக்காரர் வசமும் 1781இல் ஆங்கிலேயர் வசமும் சென்ற நாகப்பட்டினத்தின் கடலில் அன்று நங்கூரம் பாய்ச்சி நின்றவையெல்லாம் பாய்மரக் கப்பல்கள். அத்தகைய ஒரு கப்பலில் பாய்களை ஏற்றவும் இறக்கவும் திருப்பவும் எண்ணற்ற கயிறுகள் இருக்கும். புதிதாகச் சேர்ந்த மாலுமி எந்தக் கயிறு எதற்கு என்று கற்ற பிறகே வேலைக்கு உதவுவான். 'லெர்ன் தி ரோப்ஸ்' என்பதன் பிறப்பு அதுவே. இன்று அது எந்த வேலையானாலும் அதன் நெளிவு சுளிவுகளைக் கற்பதைக் குறிக்கிறது. புதிய வேலையில் சேர்ந்தவர் "ஐ ஆம் ஸ்டில் லெர்னிங் தி ரோப்ஸ்" என்று பணிவோடு சொல்லிக்கொள்வது மிக இயல்பான பயன்பாடு. 'டேக்கன் அபேக்' என்பதும் கப்பலில் பிறந்ததே. எதிர்க்காற்று திடீரென்று பாயைப் பின்புறமாக மரத்தோடு அழுத்திவிட்டால் கப்பல் அப்படியே நின்றுவிடும். எதிர்பாராததைக் கேட்டு ஒருவர் திகைத்து நிற்பதற்கு அது பெயராயிற்று.

கடல் தந்த தொடர்களுள் எனக்கு மிகவும் பிடித்தது 'ஹை அண்ட் ட்ரை'. கடல் வற்றும் நேரத்தில் நீர் விலகிவிட, கப்பல் தரைதட்டி மேட்டில் உலர்ந்து கிடக்கும் காட்சி அது. 'லெஃப்ட் மி ஹை அண்ட் ட்ரை' என்றால், உதவ வேண்டியவர் இக்கட்டான நேரத்தில் என்னைக் கைவிட்டுப் போனார் என்று பொருள். தமிழில் இதை என்னவென்று சொல்வோம்? "நட்டாற்றில் விட்டுவிட்டான்" என்போம். கைவிடப்பட்ட துயரம் ஒன்றே. ஆனால் கடலோடிக்கு நீரில்லாத மேடு ஆபத்து; கொள்ளிடத்தில் வெள்ளம் புரளக் கண்டவர்களுக்கு நீர் நிறைந்த நடுவாறு ஆபத்து. ஒரே துயரத்தைச் சொல்ல ஒரு மொழி தண்ணீரை வற்றவைக்கிறது, இன்னொரு மொழி தண்ணீரைப் பெருக்குகிறது. சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது ஏன் தோற்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இணை எனக்குத் தெரியவில்லை.

பொருள் ஏறத்தாழ நேராகப் பொருந்தும் இணைகளும் ஏராளம். அவற்றில் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'கில் டூ பேர்ட்ஸ் வித் ஒன் ஸ்டோன்' என்பது ஒரே கல்லில் இரண்டு மாங்காய். 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்பது அத்தி பூத்தாற்போல. 'காஸ்ட் அன் ஆர்ம் அண்ட் எ லெக்' என்பது யானை விலை, குதிரை விலை. 'ஆட் ஃப்யூவல் டு தி ஃபயர்' என்பது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவது. 'கேரி கோல்ஸ் டு நியூகாசில்' என்பது நிலக்கரி ஏற்றுமதிக்குப் பெயர்பெற்ற ஊருக்கே நிலக்கரி சுமந்து செல்வது. நாம் கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்போம், அல்லது தஞ்சாவூருக்கே நெல் கொண்டுபோவதா என்று கேட்போம். பராமரிக்கப் பெருஞ்செலவு வைத்துப் பயன் தராத ஒன்றை ஆங்கிலத்தில் 'வைட் எலிஃபண்ட்' என்கிறார்கள். யானையைக் கட்டித் தீனி போடுவது என்று நாம் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறோம். இங்கே மட்டும் இரு மொழிகளும் ஒரே விலங்கிடம் வந்து சேர்ந்திருக்கின்றன.

மிக எளிதான வேலையை 'எ பீஸ் ஆஃப் கேக்' என்பார்கள். நமக்கு அது அல்வா சாப்பிடுவது. ஆனால் வினையை மட்டும் மாற்றி "அல்வா கொடுத்துவிட்டான்" என்றால் ஏமாற்றிவிட்டான் என்று ஆகிவிடுகிறது. திருவையாற்றில் ஒருவர் நமக்கு அசோகா அல்வா வாங்கிக் கொடுத்தார் என்று சொல்லும்போது இந்த இரண்டு பொருளுமே இல்லை. ஒரே சொல்லை வைத்து இத்தனை பொருளை இடமறிந்து பிரித்துக்கொள்ளும் நாம், 'டேக் தி கேக்' என்பது 'பீஸ் ஆஃப் கேக்' என்பதிலிருந்து முற்றிலும் வேறுபட்டது, வியப்போ எரிச்சலோ உச்சத்துக்குப் போகும்போது சொல்வது என்று கேட்டால் மலைத்துப் போகத் தேவையில்லை.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. நம் தொடரைப் போலவே தோற்றமளித்து வேறு பொருள் தரும் ஆங்கிலத் தொடர்களே மாணவரை அதிகமாக ஏமாற்றுகின்றன. 'புல் சம்வன்ஸ் லெக்' என்பது ஒருவரிடம் விளையாட்டாகப் பொய் சொல்லி வேடிக்கை பார்ப்பது. அன்பு உள்ளவர்களிடையே நடப்பது. அதை நம் "காலை வாரிவிட்டான்" என்பதோடு சேர்த்து எண்ணினால், நண்பரின் கேலி துரோகமாகிவிடும். 'பைட் ஒன்ஸ் டங்' என்பதிலும் இதே சிக்கல் உண்டு. சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்ட பிறகு நாம் நாக்கைக் கடித்துக்கொள்கிறோம். ஆங்கிலேயரோ சொல்வதற்கு முன்பே கடித்துக்கொண்டு, வாய்வரை வந்த சொல்லை அடக்கிவிடுகிறார்கள். ஓர் அலுவலகக் கூட்டத்தில் "ஐ பிட் மை டங்" என்று ஒருவர் சொன்னால், அவர் எதையோ உளறிவிட்டார் என்று பொருள் கொள்ளக் கூடாது. அவர் பொறுமையாக இருந்தார் என்றே கொள்ள வேண்டும்.

பாலங்களும் இப்படித்தான். 'பர்ன் ஒன்ஸ் பிரிட்ஜஸ்' என்பதை "ஏறிய ஏணியை எட்டி உதைப்பது" என்று மொழிபெயர்த்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், அது சரியன்று. ஏணித் தொடர் நன்றி மறந்ததைக் குறிக்கிறது. பாலத்தை எரிப்பதோ, திரும்பி வரும் வழியைத் தானே அழித்துக்கொள்வது. வேலையை விட்டு விலகும்போது முதலாளியோடு சண்டையிட்டுச் செல்வதை அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். 'வாட்டர் அண்டர் தி பிரிட்ஜ்' என்பதை நமக்கு யாரும் விளக்கவே வேண்டாம். கும்பகோணத்தில் அரசலாற்றுப் பாலத்தின்மேல் ஒரு நிமிடம் நின்று பார்த்தவருக்குத் தெரியும், பாலத்தைக் கடந்துபோன தண்ணீர் திரும்பாது என்று. இரண்டு பேர் பழைய மனத்தாங்கலை மறந்துவிட்டார்கள் என்பதைச் சொல்ல "தட் இஸ் ஆல் வாட்டர் அண்டர் தி பிரிட்ஜ் நவ்" என்பார்கள். வெறுமனே காலம் கடந்துவிட்டது என்பதற்கு அல்ல, கடந்ததை இனிப் பொருட்படுத்துவதில்லை என்பதற்கே அது உரியது.

பொருள் தெரிந்துவிட்டால் போதுமா என்றால், போதாது. எந்த இடத்தில், யாரிடம் என்பதும் தெரிய வேண்டும். மேலே சொன்ன 'கிக் தி பக்கெட்' இதற்கு நல்ல பாடம். நம் ஊரில் ஒருவர் மறைந்தால் சுவரொட்டியில் "இயற்கை எய்தினார்" என்றோ "சிவலோகப் பதவி அடைந்தார்" என்றோ அச்சிடுவார்கள், துக்கம் கேட்கப் போனவர் "எப்போது தவறினார்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார். "மண்டையைப் போட்டார்" என்று அந்த வீட்டு வாசலில் நின்று சொல்பவர் எவருமில்லை. 'கிக் தி பக்கெட்' அந்த "மண்டையைப் போட்டார்" வகை. இரங்கல் கடிதத்தில் 'பாஸ்ட் அவே' என்றே எழுத வேண்டும். மரபுத்தொடர் பட்டியல்கள் இவை இரண்டையும் அருகருகே அடுக்கி, இரண்டுக்கும் 'இறத்தல்' என்று ஒரே பொருள் தந்துவிடுகின்றன. பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்வதை நான் ஊக்குவிக்காததற்கு இதுவே முதற்காரணம்.

சில தொடர்கள் முதுமை அடைந்துவிட்டன என்பதையும் பட்டியல்கள் சொல்வதில்லை. 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்பதை நம் பள்ளிகளில் முதல் மரபுத்தொடராகக் கற்பிக்கிறோம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட இளைஞர்கள் இன்று அதை அரிதாகவே சொல்கிறார்கள். மழை கொட்டோ கொட்டென்று கொட்டினால் 'இட் இஸ் போரிங்' (கொட்டுகிறது) என்பதே அவர்கள் வாயில் வருவது. 'கால் எ ஸ்பேட் எ ஸ்பேட்', அதாவது உள்ளதை உள்ளபடி சொல்வது, பழைமையான தொடர்தான். எனினும் அமெரிக்காவில் 'ஸ்பேட்' என்ற சொல் கறுப்பின மக்களை இழிவுபடுத்தவும் பயன்பட்டதால், அங்கே அதைத் தவிர்ப்பதே நல்லது.

நாட்டுக்கு நாடு வேறுபாடும் உண்டு. கிரிக்கெட் தெரிந்த நமக்கு 'ஸ்டிக்கி விக்கெட்' என்பது உடனே புரியும்: ஆடுகளத்தை மூடிவைக்கும் வழக்கம் வருவதற்கு முன், மழையில் நனைந்து வெயிலில் காயத் தொடங்கிய களத்தில் பந்து எப்படித் திரும்பும் என்று தெரியாமல் மட்டையாளர் திணறிய நிலை அது. அமெரிக்கருக்கு அது விளங்காமல் போகலாம். அவருடைய தொடர்கள் பேஸ்பால் களத்திலிருந்து வருகின்றன. மன்னார்குடியிலிருந்தும் பட்டுக்கோட்டையிலிருந்தும் சென்னை, பெங்களூரு நிறுவனங்களுக்குச் சென்று அமெரிக்க வாடிக்கையாளர்களோடு தொலைபேசியில் பேசும் இளைஞர்கள் 'டச் பேஸ்' என்றும் 'பால்பார்க் ஃபிகர்' என்றும் கேட்டிருப்பார்கள். முன்னது சுருக்கமாகத் தொடர்புகொண்டு பேசிக்கொள்வது; பின்னது துல்லியமல்லாத, குத்துமதிப்பான ஒரு தொகை. அதே இளைஞர்கள் 'ஐ ஆம் அவுட் ஆஃப் ஸ்டேஷன்' என்று மின்னஞ்சலில் எழுதினால், இந்த முறை விழிப்பது வாடிக்கையாளராக இருக்கும். வெளியூர் போயிருக்கிறேன் என்ற பொருளில் அது பெரும்பாலும் இந்தியாவிலும் அண்டை நாடுகளிலும் வழங்கும் தொடர். வெளிநாட்டவரிடம் 'அவுட் ஆஃப் டவுன்' என்று சொல்ல வேண்டும்.

மரபுத்தொடரை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு அப்படியே கொண்டுவர முடியவே முடியாதா என்ற கேள்வி எழலாம். ஒரு சமூகமே சேர்ந்து கொண்டுவந்தால் முடியும். கோப்புகளைச் சிவப்பு நாடாவால் கட்டிய ஆங்கில அலுவலக வழக்கத்திலிருந்து வந்த 'ரெட் டேப்', "சிவப்பு நாடா முறை" என்று தமிழாகி, பட்டா மாறுதலுக்கு அலைந்தவர் எவருக்கும் புரியும் தொடராகிவிட்டது. பச்சைக்கொடி காட்டுவதும் பனிப்போரும் அப்படி வந்தவையே. சில அரைகுறையாக நின்றுவிட்டன. 1869இல் வலங்கைமானில் பிறந்து கும்பகோணத்தில் கல்வி கற்ற வி. எஸ். சீனிவாச சாஸ்திரியாரின் ஆங்கிலப் பேச்சை மெச்சி அவரை 'சில்வர் டங்க்ட் ஆரேட்டர்' என்று அழைத்தார்கள். நாம் அதை "வெள்ளி நாக்குப் பேச்சாளர்" என்று பெயர்த்துக்கொண்டோம். புத்தகத்தில் படித்தவருக்கு அது தெரியும். வலங்கைமானில் ஒரு முதியவளிடம் வெள்ளி நாக்கு என்றால் வைத்தியம் சொல்லிவிடுவாள்; "அவர் நாவில் சரஸ்வதி குடியிருந்தாள்" என்று சொன்னால், அதே திருவாரூர் மாவட்டத்தின் கூத்தனூரில் கோயில் கொண்டிருக்கும் சரஸ்வதியை நினைத்துக் கைகூப்புவாள்.

இனிக் கற்கும் முறை. ஒரு நாளைக்குப் பத்துத் தொடர் என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். வாரத்துக்கு இரண்டு போதும், ஆனால் அவை நீங்களே எங்காவது கேட்டவையாகவோ படித்தவையாகவோ இருக்கட்டும். ஒரு நோட்டில், தொடரை மட்டும் எழுதாமல் அது வந்த முழு வாக்கியத்தையும் எழுதுங்கள். யார் யாரிடம், என்ன மனநிலையில் சொன்னார் என்பதை அதன்கீழ் ஒரு வரியில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அத்தொடர் பிறந்த காட்சியை நல்ல அகராதியில் பார்த்து இன்னொரு வரியில் எழுதுங்கள். தமிழ் இணை தோன்றினால் அதையும் எழுதலாம். தோன்றாவிட்டால் வலிந்து தேட வேண்டாம். பொருத்தமில்லாத இணையைவிட வெற்றிடம் மேலானது.

பேசும்போதும் எழுதும்போதும் பயன்படுத்துவதை மட்டும் சற்றுத் தள்ளிப் போடுங்கள். கேட்டவுடன் புரிந்துகொள்வதே முதல் இலக்கு. தேர்விலும் நேர்காணலிலும் அதுவே கைகொடுக்கும். ஒரு கடிதத்தில் ஒரு மரபுத்தொடருக்கு மேல் வந்தால் அது தேவையில்லாத அலங்காரமாகத் தோன்றும். விண்ணப்பத்திலும் புகார்க் கடிதத்திலும் அந்த ஒன்றுகூட வேண்டாம், நேரான சொற்களே போதும். ஒரு தொடரை மூன்று வெவ்வேறு மனிதர்கள் மூன்று வெவ்வேறு சூழல்களில் சொல்லக் கேட்டு, மூன்று வாக்கியங்களும் நோட்டில் சேர்ந்த பிறகு, நான்காவது வாக்கியத்தை நீங்கள் சொல்லுங்கள்.